சாட்சியமும் இறப்பரும்: கொங்கோ சீர்திருத்த இலக்கியம் பற்றிய ஒரு மதிப்பீடு

1

மனித உரிமைகளுக்காக வாதாடும் எழுத்து, ஒரு மக்கட் கூட்டத்தின் அழிவைத் தடுக்க வல்லதா? இவ்வினாவுக்கு அறிவுலகில் இரண்டு விடைகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. உண்மையை உள்ளவாறு வெளிப்படுத்தினால் உலகின் மனச்சாட்சி விழித்தெழும், விழித்தெழுந்த மனச்சாட்சி கொடுமையைத் தடுத்துவிடும் என்பது தாராண்மைவாதிகளின் விடை. மனித உரிமை என்பதே முதலாளித்துவம் அணிந்துகொண்ட முகமூடி, உற்பத்தி உறவுகள் மாறாதவரை அத்தகைய எழுத்தாற் பயனேதும் விளையாது என்பது முற்போக்கு முகாமைச் சேர்ந்த சிலரின் விடை. முன்னது எழுத்தைச் சமுதாயத்துக்கு அப்பாற்பட்ட ஒரு சக்தியாகக் கருதுகிறது. பின்னது எழுத்துக்குச் சமுதாய சக்தியே இல்லையெனக் கைவிடுகிறது. இரண்டுமே குறிப்பிட்ட எழுத்துகளை எடுத்து, அவற்றை எழுதியோர் யாவர், யாரை நோக்கி எழுதினர், எதனைக் கூறினர், எதனைக் கூறாது விட்டனர் என ஆராயும் சிரமத்தை மேற்கொள்வதில்லை.

இக்கட்டுரை அத்தகைய ஆய்வுக்குக் கொங்கோ சீர்திருத்த இயக்கத்தின் எழுத்துகளை எடுத்துக்கொள்கிறது. பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்டின் தனியுடைமையாக 1885 முதல் 1908 வரை இருந்த கொங்கோ சுதந்திர அரசுக்கு எதிராக எழுந்த இவ்வியக்கம், இருபதாம் நூற்றாண்டின் முதலாவது பெரும் மனித உரிமை இயக்கமெனப் பல வரலாற்றாசிரியர்களாற் கொள்ளப்படுவது. பத்திரிகை, நாவல், அரச அறிக்கை, துண்டுப்பிரசுரம், புகைப்படம், விரிவுரை மேடை ஆகிய யாவற்றையும் அது பயன்படுத்திற்று. அதுமட்டுமன்று, அது வெற்றி பெற்றதாகவும் கருதப்படுகிறது. எனவே மேற்கூறிய இரு விடைகளையும் உரைத்துப் பார்க்க இதனினும் தக்க சான்று கிடைத்தல் அரிது.

தொடங்குமுன் ஒரு சொல்லைப் பற்றித் தெளிவு வேண்டும். இனப்படுகொலை என்னும் கருத்துக்குரிய சொல்லை றபாயல் லெம்கின் 1944 ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலிலேயே உருவாக்கினார். 1948 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயம், ஒரு குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் உள்நோக்கத்தை இக்குற்றத்தின் இலக்கணமாக்கிற்று. லெம்கின் தமது வெளியிடப்படாத கையெழுத்துப் பிரதிகளிற் கொங்கோவையும் இவ்வகையில் ஆராய்ந்தாராயினும், கொங்கோவில் நிகழ்ந்ததை இச்சொல்லாற் குறிப்பது பொருந்துமா என்பதில் வரலாற்றாசிரியரிடையே உடன்பாடில்லை. லியோபோல்டின் நோக்கம் கொங்கோ மக்களை அழிப்பதன்று; இறப்பரைப் பெறுவதே. ஆயினும் 1880களுக்குப் பின்னர் அந்நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்ததெனப் பெல்ஜிய அரசாங்கத்தின் ஆணைக்குழுவொன்றே 1919 இல் மதிப்பிட்டது. 1924 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தோர் ஏறக்குறைய ஒரு கோடியினர். இழப்பு எவ்வளவு, அதில் நோயின் பங்கு எவ்வளவு என்பன இன்றும் விவாதத்துக்குரியன. எனினும் ஒன்று தெளிவு. அழிக்கும் எண்ணம் எவரிடமும் இல்லாமலே, இலாபத்தின் தருக்கம் மட்டுமே ஒரு மக்களை அழிவின் விளிம்புக்குக் கொண்டுசெல்லக்கூடும். சட்டம் தேடும் உள்நோக்கத்தின் எல்லைக்கு வெளியே நிற்கும் இவ்வுண்மையை எழுத்து எவ்வாறு கையாண்டது என்பதே எமது வினாவாகும்.

2

கொடுமையின் பொறிமுறையை முதலிற் சுருக்கமாகக் காணல் வேண்டும். 1885 இல் வெளியிடப்பட்ட பிரகடனமொன்று, கொங்கோவில் 'ஆளற்றுக் கிடந்த' நிலம் யாவும் அரசுக்குரியதென அறிவித்தது. வேட்டைக்காடும் பயிர்சுழற்சிக்காக விடப்பட்ட நிலமும் ஆளற்ற நிலமாயின. 1890களின் தொடக்கத்தில், அந்நிலத்தின் விளைபொருள்களும் அரசுக்கும் அதன் சலுகை பெற்ற கம்பனிகளுக்குமே உரியனவாக்கப்பட்டன. 1888 இல் டன்லொப் காற்றடைத்த சக்கரவளையத்தை உருவாக்கிய பின்னர் உலகச் சந்தையில் இறப்பரின் தேவை பெருகிற்று. கொங்கோக் காடுகளிற் காட்டுக்கொடியாக இறப்பர் வளர்ந்தது. நடுகைச் செலவில்லை, பராமரிப்புச் செலவில்லை, வேண்டியது உழைப்பு மட்டுமே. அவ்வுழைப்பைக் கூலி கொடுத்துப் பெறுவதற்கு மாறாக, துப்பாக்கியைக் கொண்டு பெறுவதென முடிவாயிற்று. பெண்களைப் பணயமாக அடைத்து வைத்து ஆண்களைக் காட்டுக்கு அனுப்பினர். குறித்த அளவு இறப்பர் கொணராத கிராமங்கள் தண்டிக்கப்பட்டன. வழங்கப்பட்ட தோட்டா ஒவ்வொன்றும் மனிதரைக் கொல்லவே பயன்பட்டது, வேட்டையில் வீணாகவில்லை என்பதற்குச் சான்றாக, வெட்டிய வலக்கைகளைப் படையினர் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது. சேர்ந்த இறப்பரின் அளவுக்கேற்ப அதிகாரிகளுக்குத் தரகு வழங்கப்பட்டது.

வெட்டப்பட்ட கை தனிமனிதக் கொடூரத்தின் அடையாளம் மட்டுமன்று. அது ஒரு கணக்குச் சீட்டு. இவ்விரண்டையும் ஒருசேரக் கண்ட எழுத்து எது, ஒன்றை மட்டும் கண்ட எழுத்து எது என்பதைக் கொண்டே இவ்விலக்கியத்தை நாம் மதிப்பிடலாம்.

3

1890 ஆம் ஆண்டில் இருவர் கொங்கோ ஆற்றில் மேனோக்கிப் பயணஞ் செய்தனர். ஒருவர் ஜோர்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவர், உள்நாட்டுப் போரிற் சண்டையிட்டவர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை எழுதியவர். மற்றவர் ஜோசப் கொன்ராட். போலந்துக் குடும்பத்திற் பிறந்த கப்பலோட்டி.

லியோபோல்டை நேரிற் சந்தித்து அவனது மனிதாபிமானப் பேச்சில் நம்பிக்கை வைத்திருந்த வில்லியம்ஸ், கண்டவற்றால் அதிர்ந்து, அவ்வாண்டு யூலையில் ஸ்ரான்லி நீர்வீழ்ச்சியிலிருந்து மன்னனுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஏமாற்று வித்தைகளாற் பெறப்பட்ட ஒப்பந்தங்கள், அடிமைத்தனம், படையினரின் கொள்ளை ஆகியவற்றைக் குற்றச்சாட்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக நிரைப்படுத்திய அம்மடல், சருவதேச விசாரணைக் குழுவொன்றையும் கோரிற்று. அமெரிக்க அரசாங்கச் செயலாளருக்கு எழுதிய கடிதத்தில் 'மானிடத்துக்கு எதிரான குற்றங்கள்' என்னும் பொருள்படும் தொடரையும் அவர் கையாண்டார். நூரெம்பேர்க் நீதிமன்றத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட வழக்கு இது. மடலின் உருவம் நீதிமன்றக் குற்றப்பத்திரத்தின் உருவமாகும். ஆபிரிக்கர் அதில் உரிமையுடைய தரப்பினராக, மீறப்பட்ட ஒப்பந்தத்தின் மறுபக்கத்தினராக நிற்கின்றனர். வில்லியம்ஸ் 1891 இல் தமது நாற்பத்தோராவது வயதிற் காலமானார். லியோபோல்டின் ஆதரவாளர் அவரைத் தூற்றினர், மடல் மறக்கப்பட்டது.

கொன்ராட்டின் 'இருளின் இதயம்' 1899 இல் இதழொன்றில் தொடராக வெளிவந்தது. குடியேற்றவாதத்தின் பேராசையையும் அதன் பொய்ம்மை மொழியையும் ஆங்கில இலக்கியத்தில் அதுவரை எவரும் காட்டாத தீவிரத்தோடு அக்குறுநாவல் காட்டிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதில் ஆபிரிக்கர் பேசும் இடங்கள் ஓரிரண்டே. 1975 இல் ஆற்றிய உரையொன்றிற் சினுவா ஆச்சிபி இதனைச் சுட்டிக்காட்டி, ஆபிரிக்காவை ஐரோப்பிய மனத்தின் சிதைவுக்கான வெறும் பின்னணியாக்கியமைக்காகக் கொன்ராட்டைக் கண்டித்தமை பலரும் அறிந்ததே. ஆச்சிபியின் கண்டனத்தோடு மற்றொன்றையும் சேர்க்கலாம். நாவலிற் கொள்ளையிடப்படும் பொருள் யானைத்தந்தம். கொன்ராட் கண்ட 1890 இல் அது உண்மையே. அக்காலத்தில் இறப்பர் வேட்டை உச்சம் பெறவில்லை. ஆனால் நூல் வாசகர் கையை அடைந்தபோது கொங்கோவின் கதை இறப்பரின் கதையாகிவிட்டிருந்தது. யானைத்தந்தம் செல்வரின் அலங்காரப் பொருள். அதன்மீதுள்ள வெறியைத் தனிமனிதனின் ஆன்ம வீழ்ச்சியாகக் காட்ட முடியும். இறப்பரோ கைத்தொழில் முதலாளித்துவத்தின் மூலப்பொருள். அதனை எழுதப் புகுவோர் லிவர்பூலையும் அன்ட்வேர்ப்பையும் எழுதியே ஆக வேண்டும். கொன்ராட்டின் இருள், நிறுவனமொன்றில் தொடங்கி மனித இயல்பின் ஆழத்தில் முடிவடைகிறது. மனித இயல்பே குற்றவாளி என்றானபின் தடுக்கப்பட வேண்டியவர் எவருமிலர்.

ஒரே ஆற்றிற் பயணித்த இருவருள் குற்றவாளியைப் பெயர் கூறி அழைத்தவர் மறக்கப்பட்டார்; இருளைப் பாடியவர் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இடம்பெற்றார். கலைத்திறன் வேறுபாடு ஒன்றே இதற்குக் காரணம் என்பார் உளர். அது காரணங்களுள் ஒன்றே. 1890 இல் வில்லியம்ஸின் குரலோடு இணையத்தக்க நலன் எதுவும் ஐரோப்பாவில் இருக்கவில்லை என்பது மற்றொன்று.

4

அத்தகைய நலன் பத்தாண்டுகளின் பின்னர் தோன்றிற்று. எட்மண்ட் டீன் மொறெல் லிவர்பூற் கப்பற் கம்பனி ஒன்றின் எழுதுவினைஞர். கொங்கோவுக்கான கப்பற் போக்குவரத்து அக்கம்பனியின் வசமிருந்தது. அன்ட்வேர்ப் துறைமுகத்தில் அவர் கண்டது எளிமையானது: கொங்கோவிலிருந்து இறப்பரும் தந்தமும் குவிகின்றன, அங்கு செல்லும் கப்பல்களிலோ பெரும்பாலும் துப்பாக்கிகளும் வெடிமருந்துமே ஏற்றப்படுகின்றன. பண்டத்துக்கு ஈடாகப் பண்டம் செல்லவில்லையெனின் அங்கு நடப்பது வாணிபமன்று. கொங்கோவில் ஒருபோதும் காலடி வைத்திராத மொறெல், கணக்கேடுகளிலிருந்தே அடிமைமுறையை உய்த்தறிந்தார். 1901 இற் கம்பனியை விட்டு விலகி, 1903 இற் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1906 இல் அவரது 'சிவப்பு இறப்பர்' வெளிவந்தது.

மொறெலின் எழுத்தில் எம்மைக் கவர்வது இம்முறையே. அனுதாபத்திலிருந்தன்றி, பண்டமாற்றின் உறவிலிருந்து தொடங்குகிறார். இவ்வகையில் அவர் தம்மையறியாமலே அரசியற் பொருளாதார ஆய்வுக்கு நெருங்கி வருகிறார். எனினும் நெருங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறார். லியோபோல்டின் குற்றம் அவருக்குச் சுதந்திர வாணிபத்தை மீறிய குற்றமாகவே தோன்றுகிறது. ஆபிரிக்கரின் நிலம் ஆபிரிக்கருக்கே உரியது, தமது விளைபொருளை அவர்கள் விரும்பியவருக்கு விற்க வேண்டும் என அவர் வற்புறுத்தியமை முற்போக்கானதே. ஆனால் வாங்குவோர் லிவர்பூல் வணிகர். அவ்வணிகருட் சிலர் கொங்கோச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான ஜோன் ஹோல்ற் மொறெலின் உறுதியான ஆதரவாளராக விளங்கினார். மற்றொரு புரவலரான வில்லியம் கட்பரியின் சொக்கலேற் நிறுவனமோ, அதே ஆண்டுகளில் போர்த்துக்கேயரின் சாவோ தோமே தீவில் அடிமைகளை ஒத்த தொழிலாளர் விளைவித்த கொக்கோவை வாங்கிக் கொண்டிருந்தது. 1909 இலேயே அது அக்கொள்வனவை நிறுத்திற்று. இவர்கள் யாவரும் கபட வேடதாரிகள் என்று கூறுவது எமது நோக்கமன்று. தன் வர்க்கத்தின் கணக்கேட்டைத் தவிர ஏனைய கணக்கேடுகளை எல்லாம் வாசிக்கவல்ல ஒரு மனச்சாட்சியின் எல்லையையே ஈண்டு குறிக்க விழைகிறோம்.

1903 மே மாதம் பிரித்தானியப் பொதுச்சபை கொங்கோ பற்றித் தீர்மானம் நிறைவேற்றிய பின்னர், அங்கிருந்த பிரித்தானியக் கொன்சல் றோஜர் கேஸ்மன்ற் உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அரசின் கப்பலிற் செல்லாது அமெரிக்க மிசனரிமாரின் சிறு நீராவிப் படகொன்றை வாடகைக்கு அமர்த்திச் சென்றமையால், அவர் தாம் விரும்பிய இடத்தில் இறங்கி, விரும்பியவரோடு உரையாட முடிந்தது. 1904 பெப்ரவரியில் வெளிவந்த அவரது அறிக்கை உணர்ச்சி வசப்படாத அரச உரைநடையில் அமைந்தது. 1887 இல் தாம் கண்ட சனநெருக்கமுள்ள ஊர்களையும் 1903 இல் வெறிச்சோடிக் கிடந்த அதே ஊர்களையும் ஒப்பிட்டுக் காட்டுகிறார். தப்பியோடிய மக்களின் வாக்குமூலங்கள் முதன்முறையாக அரச ஆவணமொன்றில் இடம்பெறுகின்றன.

ஆனால் வெளியீட்டின்போது வெளிநாட்டு அமைச்சு ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் நீக்கி, வெறும் எழுத்துக் குறிகளை இட்டது. கேஸ்மன்ற் இதனை வன்மையாக எதிர்த்தார். சாட்சிகளைப் பாதுகாத்தல் என்னும் நியாயம் இதிற் சிறிது இருந்திருக்கலாம். விளைவோ, குற்றவாளியும் பாதிக்கப்பட்டவரும் ஒருங்கே பெயரிழந்தமையாகும். பெயரில்லாத துன்பம் பரிவை எழுப்பும். வழக்குத் தொடுக்க உதவாது. லியோபோல்டின் தரப்பினர் அறிக்கையை நம்பகமற்றதெனத் தாக்குவதற்கும் இது வாய்ப்பளித்தது.

5

1904 மார்ச்சில் கொங்கோ சீர்திருத்தச் சங்கம் நிறுவப்பட்டது. அச்சங்கத்தின் வலிமை மிக்க ஆயுதமாக விளங்கியது புகைப்படம். பாரிங்கா என்னுமிடத்தில் மிசனரியாகப் பணிபுரிந்த அலிஸ் சீலி ஹரிஸ் 1904 இல் எடுத்த படமொன்றில், ந்சாலா என்னும் தந்தை தாழ்வாரத்தின் விளிம்பில் அமர்ந்து, தம் முன்னே கிடக்கும் தமது சிறுமகளின் கையையும் பாதத்தையும் நோக்குகிறார். அழுகையில்லை, அலறலில்லை. ஒரு மனிதர் அமர்ந்திருந்து பார்க்கிறார், அவ்வளவே. இப்படமும் இத்தகைய பிறவும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் தேவாலயங்களிலும் மண்டபங்களிலும் ஒளிப்பட விரிவுரைகளிற் காட்டப்பட்டன.

மார்க் ட்வெய்ன் 1905 இல் எழுதிய 'லியோபோல்ட் மன்னனின் தனிமொழி' இப்படங்களின் ஆற்றலையே கருவாகக் கொண்டது. தம்மைப் பற்றிய பிரசுரங்களை வாசித்துக் கொதிப்படையும் மன்னன், தன்னால் விலைக்கு வாங்க முடியாத ஒரே சாட்சி கமராவே எனப் புலம்புகிறான். அங்கதத்தின் உத்தி கூரியது: குற்றச்சாட்டுகள் யாவும் குற்றவாளியின் வாயினாலேயே கூறப்படுகின்றன. சங்கத்தின் நிதிக்காக விற்கப்பட்ட இப்பிரசுரம் நேரடி அரசியற் பணிக்கென எழுதப்பட்ட இலக்கியத்துக்கு ஒரு நல்ல சான்றாகும். எனினும் தனிமொழி என்னும் உருவமே அதன் வரம்பாகவும் அமைகிறது. மேடையில் இருப்பவன் மன்னன் ஒருவனே. கொடுமை ஒரு முறைமையின் விளைவாகவன்றி, ஒரு கொடியோனின் குணமாகச் சுருங்கிவிடுகிறது. 1909 இல் ஆதர் கொனன் டொயில் எழுதிய 'கொங்கோவின் குற்றம்' என்னும் நூலும் பெருமளவுக்கு இவ்வழியையே பின்பற்றிற்று. மன்னன் அகன்றால் குற்றமும் அகலும் என்ற நம்பிக்கை இவ்வெழுத்துகளின் அமைப்பிலேயே உறைந்து கிடக்கிறது.

6

இவ்விலக்கியத்தின் மிக முக்கியமான பிரதி அச்சேறாத ஒன்று என்பதை இவ்விடத்திற் கூறியாக வேண்டும். கண்டனங்களைச் சமாளிக்க லியோபோல்ட் 1904 இல் மூன்று நீதிபதிகளைக் கொண்ட விசாரணைக் குழுவை நியமித்தான். அவன் எதிர்பார்த்தவாறு அது பூசி மெழுகவில்லை. 1905 இல் வெளிவந்த அதன் அறிக்கை குற்றச்சாட்டுகளை உறுதிப்படுத்திற்று. அக்குழுவின்முன் சாட்சியமளிக்க வந்த தலைவர்களுள் ஒருவர் லொன்ருலு. அவர் 110 குச்சிகளைக் கொணர்ந்து மேசைமீது வைத்தார். ஒவ்வொரு குச்சியும் இறப்பருக்காகக் கொல்லப்பட்ட தம் மக்களுள் ஒருவர். பிரதானிகள், ஆண்கள், பெண்கள், சிறுவர் எனக் குச்சிகளை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து, இறந்தவரின் பெயரைக் கூறினார்.

அறிக்கை வெளியிடப்பட்டது, ஆபிரிக்கரின் வாக்குமூலங்கள் வெளியிடப்படவில்லை. அவை பிரசெல்ஸில் உள்ள ஆவணக் காப்பகத்தில் வைத்துப் பூட்டப்பட்டு, 1980களிலேயே ஆய்வாளருக்குக் கிடைக்கலாயின.

லொன்ருலுவின் செயலை எழுத்தறிவற்ற சமூகத்தின் எளிய எண்முறை எனக் கருதுதல் தவறு. மொறெலின் கணக்கேட்டில் இறப்பர் எண்ணப்பட்டது. படையினரின் கணக்கிற் கைகள் எண்ணப்பட்டன. அறிக்கையில் ஊர்கள் எழுத்துக் குறிகளாயின. லொன்ருலுவின் கணக்கில் மட்டுமே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர் இருந்தது. எதற்காக இறந்தார் என்ற காரணமும் உடன் இருந்தது. சாட்சியமும் இறப்பரும் பிரிக்கப்படாமல் ஒரே மேசையில் வைக்கப்பட்டன. வில்லியம்ஸ் குற்றப்பத்திரத்தில் நாடியதும் இதுவே. இவ்விருவரது பிரதிகளும் இயக்கத்தின் அச்சேறிய இலக்கியத்தில் இடம்பெறாமை தற்செயலானதன்று. பாதிக்கப்பட்டவர் அவ்விலக்கியத்திற் காட்சிப் பொருளாக வரலாம். வழக்காளியாக வர இயலாது.

7

இனி விளைவுக்கு வருவோம். 1908 நவம்பரில் பெல்ஜிய அரசு கொங்கோவை மன்னனிடமிருந்து பொறுப்பேற்றது. அடுத்த சில ஆண்டுகளில் இறப்பருக்கான நேரடிப் பயங்கரம் தணிந்தது. 1913 இல் சங்கம் தன் பணி முடிந்ததெனக் கூறித் தன்னைக் கலைத்துக் கொண்டது. எழுத்து அழிவைத் தடுத்ததா?

ஓரளவு தடுத்தது. இதனை மறுப்பவர் வரலாற்றுக்கு நீதி செய்பவராகார். இயக்கம் இல்லாதிருப்பின் பெல்ஜியம் 1908 இற் செயற்பட்டிருக்குமெனக் கொள்ள எவ்வித ஆதாரமுமில்லை. காசாய்க் கம்பனி, கறுப்பின அமெரிக்க மிசனரியான வில்லியம் ஷெப்பர்டுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1909 இல் பெல்ஜிய சோஷலிசத் தலைவர் எமில் வண்டர்வெல்ட் ஊதியமின்றித் தோன்றி வாதாடி வென்றார். தொழிலாளர் இயக்கம் மனித உரிமை வாதத்துக்குப் புறம்பானதன்று என்பதற்கு இது சான்று. முற்போக்காளர் எவரும் இம்மரபைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தல் தகாது.

ஆனால் வேறு காரணிகளும் இருந்தன. தொடர்ந்து உறிஞ்சப்பட்ட காட்டுக்கொடிகள் அழிந்துகொண்டிருந்தன. நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொங்கோவின் இறப்பர் ஏற்றுமதி உச்சத்தை எட்டிச் சரியலாயிற்று. அத்தோடு காட்டு இறப்பரின் இடத்தைத் தோட்ட இறப்பர் பிடித்துக்கொண்டது. இங்குதான் கொங்கோவின் கதை எமது நாட்டின் கதையைச் சந்திக்கிறது. ஹென்றி விக்கம் 1876 இற் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசென்ற விதைகளின் நாற்றுகள், அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. முப்பது ஆண்டுகளின் பின் இலங்கையிலும் மலாயாவிலும் இறப்பர்த் தோட்டங்கள் பரவின. 1913, 1914 அளவில் உலகச் சந்தையில் தோட்ட இறப்பர் காட்டு இறப்பரை விஞ்சிற்று. அத்தோட்டங்களிற் பால் வெட்டியோருட் பெருந்தொகையினர், தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் மூலம் திரட்டப்பட்ட தமிழ்த் தொழிலாளர். இலங்கையில் அவர்களைக் கட்டிவைத்தது 'துண்டு' என்னும் கடன் சீட்டு. அக்கடனைச் செலுத்த முன்வரும் தோட்டத்துக்கே தொழிலாளி மாறிச்செல்ல இயலும். 1921 இலேயே இம்முறை ஒழிக்கப்பட்டது.

கொங்கோவின் பயங்கரத்தையும் தோட்டத்தின் கடன் கட்டையும் ஒன்றெனக் கூறுவது பொய்யாகும். ஒன்று மக்களை அழித்தது. மற்றது அவர்களை வாழ்நாள் முழுவதும் பிணித்தது. இவ்வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்டது. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் கொங்கோக் காட்டில் துப்பாக்கி அவசியமற்றுப் போனதற்கு, ஆசியத் தோட்டத்தின் மலிந்த உழைப்பும் ஒரு காரணமாயிற்று என்பதைச் சீர்திருத்த இலக்கியம் காணவில்லை. கொடுமை ஒழிந்ததெனக் கணக்கை முடித்த வேளையில், அதே பண்டம் வேறொரு பிணைப்பில் வேறொரு மக்களின் உழைப்பை உறிஞ்சத் தொடங்கியிருந்தது.

வேறிடங்களிற் கொடுமையே அப்படியே தொடர்ந்தது. அமேசன் காடுகளின் புட்டுமாயோப் பிரதேசத்தில், லண்டனிற் பதிவுசெய்யப்பட்ட கம்பனியொன்று ஆதிக்குடிகளை இறப்பருக்காகக் கொன்றுகொண்டிருந்தது. 1910 இல் அங்கும் கேஸ்மன்ற்றே சென்று விசாரித்தார். இம்முறை சுதந்திர வாணிபம் மீறப்படவில்லை. லண்டனின் மூலதனமே அங்கு நின்றது. கொங்கோவிலேயே, பெல்ஜிய ஆட்சியின் கீழ், 1911 இல் லீவர் நிறுவனத்துக்கு எண்ணெய்ப்பனைக் காடுகளில் பெருஞ் சலுகைகள் வழங்கப்பட்டன. வரியும் கட்டாய ஆட்சேர்ப்பும் தொடர்ந்தன. அவற்றுக்கு எதிராக 1931 இற் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தபோது படையினர் அவர்களை ஒடுக்கினர். அப்பொழுது சங்கம் இருக்கவில்லை.

எழுதியவர்களின் பிற்கால வாழ்வும் இவ்வெல்லைகளை விளக்குகிறது. 1920 இல் மொறெல், ஜேர்மனியின் றைன் பகுதியில் நிறுத்தப்பட்ட பிரெஞ்சுப் படையின் ஆபிரிக்க வீரருக்கு எதிராக அப்பட்டமான இனவெறிப் பிரசாரத்தில் இறங்கினார். கிளோட் மெக்கே என்னும் கறுப்பினக் கவிஞர் தொழிலாளர் பத்திரிகையொன்றில் அதற்கு மறுப்பெழுதினார். காட்டிற் துன்புறும் ஆபிரிக்கருக்காகப் பல்லாண்டு உழைத்தவர், ஐரோப்பிய மண்ணில் துப்பாக்கியோடு நின்ற ஆபிரிக்கரைக் கண்டு அருவருத்தார். சமத்துவத்தை அடிப்படையாகக் கொள்ளாத பரிவு எங்கு சென்று முடியும் என்பதற்கு இதனினும் கசப்பான சான்று தேவையில்லை. கேஸ்மன்ற்றோ எதிர்த்திசையிற் சென்றார். கொங்கோவிலும் புட்டுமாயோவிலும் கண்டவை, தமது சொந்த அயர்லாந்தை ஆளப்பட்டோரின் கண்கொண்டு காணச் செய்தன. 1916 ஓகஸ்டில் பிரித்தானியா அவரைத் தூக்கிலிட்டது. அவருக்குக் கருணை கோரிய மனுவைக் கொனன் டொயில் முன்னின்று நடத்தினார். கொன்ராட் அதில் ஒப்பமிட மறுத்தார்.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படும். முதலாவது, மனித உரிமைக்கான எழுத்து உயிர்களைக் காக்க வல்லது. அதனை முதலாளித்துவ மாயை எனத் தள்ளுவோர் காக்கப்படக்கூடிய உயிர்களையும் உடன் தள்ளிவிடுகின்றனர். இரண்டாவது, அவ்வெழுத்து எப்பொழுது செவியேறும் என்பதை உண்மையின் வலிமை மட்டும் தீர்மானிப்பதில்லை. 1890 இல் உண்மை கூறப்பட்டுவிட்டது. அது கேட்கப்படுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. மடிந்தோரிற் பெரும்பாலோர் அப்பதினெட்டு ஆண்டுகளுக்குள்ளேயே மடிந்தனர். தடுத்தல் என்னும் சொல்லைப் பொருளுடன் வழங்க வேண்டுமாயின், பாதிக்கப்பட்டவரின் முதற் குரலை அதிகார நலன் ஏதும் சேரும்வரை காத்திராமல் ஏற்றுப் பரப்பவல்ல வெகுசன அமைப்புகள் வேண்டும். மூன்றாவது, கொடுமையைக் காட்டி, கொடுமைக்கான காரணத்தை மறைக்கும் எழுத்து, அதனை ஓரிடத்தில் நிறுத்தினாலும் வேறிடத்துக்குப் பெயர்வதைத் தடுக்காது.

எமது பல்கலைக்கழகங்களில் 'இருளின் இதயம்' பல காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. அதனைக் கற்பிப்பதை நிறுத்த வேண்டுமென யாம் கூறோம். வில்லியம்ஸின் திறந்த மடலையும் கேஸ்மன்ற் அறிக்கையையும் விசாரணைக் குழுவின்முன் ஆபிரிக்கர் அளித்த வாக்குமூலங்களையும் அதன் பக்கத்தில் வைத்துக் கற்பிக்க வேண்டுமென்பதே எமது கோரிக்கை. அவ்வரிசையில் இன்னொன்றும் சேர வேண்டும். இந்நாட்டின் இறப்பர்த் தோட்டங்களில் உழைத்தவர்களின் கடன் சீட்டுகளும் பதிவேடுகளும் வாய்மொழி நினைவுகளும் பெருமளவுக்கு இன்னும் தொகுக்கப்படாது கிடக்கின்றன. அவற்றை நினைவுகூரக்கூடிய முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவற்றைத் தேடித் தொகுக்கும் பணி, தமிழ் ஆய்வாளராகிய எமக்கு உரியது.